உறை ஊற்றிய தண்ணீர்

பாலுக்கு உறை ஊற்றுவதுபோலத் தண்ணீருக்கும் உறை ஊற்றலாம் என்று யாரோ ஒருவர் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு மதுரையில் யாரும் யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

கேட்டால் ஏதோ சாபம் மாதிரித் தோன்றும். சாபமெல்லாம் இல்லை, வசதிதான். அவசரத்துக்கு வீட்டில் குடிதண்ணீர் சேமித்து வைப்பது முன்பெல்லாம் பெரிய தலைவலி. குடத்தில் வைத்தால் புழு வரும், டிரம்மில் வைத்தால் பாசி பிடிக்கும். குளோரின் போட்டால் கொஞ்ச காலத்தில் வீரியம் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் என்று மூடியில் ஒட்டியிருப்பதை, மூடி உடைந்து விழும்போதுதான் நம் மக்கள் படிப்பார்கள். இதையெல்லாம் மீறி ஒழுங்காகச் சேர்த்து வைத்தவர்களின் தண்ணீரைப் பெரிய பஞ்சத்தின்போது டிரம்மோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் ஒரு கம்பெனி அந்தத் தூளோடு வந்தது. தொட்டியில் ஒரு சிட்டிகை போட்டால் போதும். தூளில் உயிர் இருந்தது. தண்ணீரில் எந்தக் கிருமி விழுந்தாலும் அது தின்று தீர்த்துவிடும், ஆண்டுக்கணக்கில் தண்ணீர் கெடாது. ஆனால் மனிதனின் வாயும் வயிறும்கூடக் கிருமிகள் குடியிருக்கும் இடம்தானே? அதனால் தொட்டி வைக்கும் அன்றே வீட்டு ஆட்களின் எச்சிலை அதற்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். தெரிந்த வாயை அது ஒன்றும் செய்யாது. தெரியாத வாய் குடித்தால் வயிற்றுக்குள் போர்தான். திடமான ஆள் ஒரு வாய் குடித்தால் சுருண்டு படுப்பான், ஒரு டம்ளர் குடித்தால் பிழைப்பது கஷ்டம். குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜனங்கள் அதற்கு உறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தண்ணீர்த் திருட்டு நின்றது. வீட்டுக்கு வீடு தொட்டி கட்டாயமானது. அவரவர் தண்ணீர் அவரவரிடம் இருக்கும்போது லாரி எதற்கு, தெருக்குழாய் எதற்கு என்று அவற்றை எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவசரத்தில் தொட்டித் தண்ணீரை ஜக்கில் பிடித்துப் பந்தியில் வைத்துவிட, மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் மண்டபத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்றிலிருந்து பிறர் வீட்டு டம்ளர் என்றாலே பயம். வீட்டுக்கு வந்தவரை "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகிப் போனது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போட்ட ஊர், அதே கூட்டத்துக்குள் ஆளுக்கொரு பாட்டிலைக் கட்டிக்கொண்டு நடந்தது.

உமையாள் இதற்கெல்லாம் வருத்தப்படுகிறவள் இல்லை. அடுத்தவர் வாய் பட்டது தன்மேல் படக்கூடாது என்பது அவளுக்குப் பிறந்த வீட்டில் ஊட்டிய பாடம். தண்ணீர், மோர், காபி எதுவானாலும் அண்ணாந்துதான் குடிப்பாள். டம்ளர் விளிம்பு அவள் உதட்டில் பட்டு யாரும் பார்த்ததில்லை. இரும்புக்கடை வைத்திருந்த அவள் புருஷன் சாத்தப்பன் இதை வைத்தே அவளைக் கேலி செய்வார். "உன் டம்ளரைக் கழுவுறது வீண் வேலைடி, அப்படியே அலமாரியில வச்சிரு" என்பார். அவர் அதற்கு நேரெதிர். யார் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்பார், யார் டம்ளரிலும் ஒரு வாய் குடிப்பார். கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பார்.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். கட்டிலை ஒருவர் கொண்டுபோனார், சட்டைகளை ஒருவர் கொண்டுபோனார். சமையலறை மூலையில் நின்ற தொட்டியை யாரும் நினைக்கவில்லை. அன்றாடத்துக்குக் குழாய்த் தண்ணீரே போதும் என்பதால், வைத்த நாளிலிருந்து அதைத் திறக்க வேண்டி வந்ததே இல்லை. அந்தத் தொட்டி ஒரு நாளில் சில தடவை தன்னைத்தானே கலக்கிக்கொள்ளும். அந்தச் சத்தம் தொண்டைக்குள் தண்ணீரை நிறுத்தி ஒருவர் கொப்பளிப்பதுபோல இருக்கும். அவர் உயிரோடு இருந்தவரை உமையாள் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது காலையில் அந்தச் சத்தம் கேட்டால், காபி கலக்கும் கை ஒரு நொடி நிற்கும். சாத்தப்பன் செத்துப்போனார், அவர் வாய் சாகவில்லை. அது அந்தத் தண்ணீருக்குள் குஞ்சும் குளுவானுமாகப் பெருகி, வீட்டு மனிதர் யார் என்று இன்னும் நினைவு வைத்துக்கொண்டிருந்தது.

செத்தவரைத் தொட்டியிலிருந்து எடுக்கவும் வழி உண்டு. தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியைக் கழுவி, இருப்பவர்களின் எச்சிலோடு புதிதாக உறை ஊற்ற வேண்டும். அடுத்த வீட்டுப் பியூலா இதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். அவள் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய் உறை ஊற்றுகிறவள், சாத்தப்பன் வீட்டுத் தொட்டிக்கு ஊற்றியதும் அவள்தான். உமையாள், "பாக்கலாம்டி" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு தொட்டி கொப்பளித்தால் "ம்" கொட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். தனிமையில் மனிதர்கள் இதைவிடக் கேவலமானதற்கெல்லாம் "ம்" கொட்டுகிறார்கள், அதனால் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது எல்லோர் செல்போனும் ஒரே நேரத்தில் அலறின. ஊருக்கு வரும் பெரிய குழாயில் ஏதோ கலந்துவிட்டது, காய்ச்சினாலும் போகாது, வடிகட்டினாலும் போகாது, மறு அறிவிப்பு வரும்வரை அவரவர் வீட்டு இருப்பைக் குடிக்கவும் என்று செய்தி. கடைகளில் இருந்த இளநீரும் கலரும் வெள்ளரிக்காயும் அன்று மத்தியானமே தீர்ந்தன. பால் வண்டி வரவில்லை.

உமையாள் முதல் நாளைப் பிரிஜ்ஜில் இருந்த மோரை வைத்து ஓட்டினாள். அதிலும் பாதியை பியூலாவின் மகள் ஜெமிக்குக் கொடுத்தாள். மறுநாள் காலையில் பிரிஜ் காலி. தொட்டியைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. திறந்தாள். மேலே இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன. ஒரு வாய்க்கு ஒரு விளக்கு என்பது கணக்கு. அவர் ஒன்று, நான் ஒன்று என்று நினைத்துக்கொண்டு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்தாள்.

தண்ணீரில் கிராம்பு வாசம் அடித்தது.

ஒவ்வொரு வீட்டு உறைக்கும் அந்த வீட்டு மனிதரின் வாசம் லேசாக ஏறும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். குடிக்கக் குடிக்க அவர் குறைந்துபோவார் என்ற நினைப்பு வந்து, டம்ளரை அப்படியே மேடைமேல் வைத்துவிட்டாள். வாசல் மணி அடித்தது.

பியூலா நின்றிருந்தாள். இடுப்பில் ஆறு வயது ஜெமி தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தாள். குழந்தையின் உதடு வெடித்திருந்தது, உடம்பு கொதித்தது.

"ஆச்சி, ஐஸ் கிய்ஸ் ஏதாவது மிச்சம் இருக்கா? ஒரு வாய் மோர் இருந்தாலும் போதும்."

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் உமையாள் ஆச்சிதான். செட்டிநாட்டுப் பெண்களை மதுரையில் வயது பார்க்காமல் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நேத்தே வழிச்சாச்சேடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனியா?"

"விடியக்காலையிலேயே போனேன். கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. மயங்கி விழுந்தாத்தான் குளுக்கோஸாம், அதுவும் இருக்கிறவரைக்குமாம். இவ அப்பா லாரியோட குஜராத்ல நிக்கிறாரு. போன் பண்ணிப் பண்ணி அழுறாரு."

"உங்க வீட்டுத் தொட்டி?"

பியூலா சிரிக்க முயன்றாள், வரவில்லை. "அது ஓனர் வாய்க்கு ஊத்துனது ஆச்சி. கோயம்புத்தூர்ல இருக்காரு. மாத்தி ஊத்திக்கிறேன் சார், நானே ஊத்திக்கிறேன்னு ரெண்டு வருஷமா கேக்குறேன். பொங்கலுக்கு வந்தா அவங்க குடிக்கணுமாம். ஊருக்கெல்லாம் உறை ஊத்துறேன், எம் புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி இல்ல."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெமி கண்ணைத் திறந்தாள். மேடைமேல் இருந்த டம்ளர் கண்ணில் பட்டது. தாயின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினாள். பியூலா பாய்ந்து கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"அது ஆச்சி தண்ணி! தொட்டா செத்துப்போவ!"

ஜெமி அழுதாள். கண்ணீர் வரவில்லை, சத்தம் மட்டும்தான் வந்தது. உமையாளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"காய்ச்சினா அது சாகாதாடி?"

"சாகும் ஆச்சி. ஆனா இருக்கிற விஷத்தையெல்லாம் கக்கிட்டுத்தான் சாகும். ஆவி பிடிச்சு இறக்குனாலும் கூடவே வரும். பயிற்சியில முதல் நாளே சொல்லிட்டாங்க." பியூலா மகளைத் தூக்கிக்கொண்டாள். "நீங்களாவது குடிங்க. எதுக்குப் பிடிச்சு வச்சுட்டு நிக்கிறீங்க? நீங்களும் விழுந்துட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

உமையாள் டம்ளரை எடுத்தாள். பழக்கத்தில் அண்ணாந்தாள். அப்படியே நின்றாள். பிறகு மெல்ல டம்ளரை இறக்கினாள்.

"பியூலா, அன்னைக்கு உறை ஊத்துறப்ப ஆளுக்கொரு கப்புல தண்ணி குடுத்தியே. என்ன சொல்லிக் குடுத்த?"

"பாதி குடிச்சிட்டு மீதியக் குடுங்கன்னு."

"வாய் வச்சுக் குடிக்கச் சொன்னியா?"

பியூலா விழித்தாள். "அது... கம்பெனியில அப்படித்தான் சொல்லணும்னு குடுத்திருக்காங்க. உங்க வீட்டுல வந்து, 'எச்சில் பண்ணிக் குடுங்க ஆச்சி'ன்னு எப்படிச் சொல்றது? வாய் கூசுச்சு. பாதி குடிங்கன்னா யாரும் வாய் வச்சுத்தான..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் உமையாளைப் பல வருஷமாகப் பார்க்கிறவள்.

"நான் அண்ணாந்துதான்டி குடிச்சேன்" என்றாள் உமையாள்.

மரியாதைக்காக ஒரு சொல்லை விழுங்கியவள் ஒருத்தி, சுத்தத்துக்காக உதட்டை விலக்கியவள் ஒருத்தி. இரண்டு பேரும் சேர்ந்து நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். அதனால் வந்தது இது.

"அப்ப இந்தத் தண்ணிக்கு உங்களைத் தெரியாது ஆச்சி. நல்லவேளை, குடிக்கலை நீங்க." பியூலாவின் பார்வை தொட்டிக்குப் போனது. "ஆனா ரெண்டு விளக்கு எரியுதே. அன்னைக்கும் ரெண்டு எரிஞ்சுச்சு, அதைப் பாத்துட்டுத்தான் நான் கையெழுத்து வாங்கிட்டுப் போனேன். ரெண்டாவது வாய் யாருது?"

உமையாளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பியூலா இரண்டு வயது ஜெமியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உமையாள் தன் கப்பை மேசையில் வைத்துவிட்டு, குக்கர் சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கப்பில் தண்ணீர் குறைந்திருந்தது. குழந்தை சாத்தப்பன் மடியில் இருந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரித் திருட்டு முழி முழித்தார்கள்.

"இவதான்டி" என்றாள் உமையாள். "என் கப்புல இவ வாய் வச்சிருக்கா. அவுகதான் குடுத்திருப்பாக. வேற யாரு குடுப்பா?"

பியூலா ஒரு நொடி மலர்ந்தாள். உடனே முகம் சுருங்கிவிட்டது. "பாத்தீங்களா?"

"பாக்கலை."

"உங்க உதடு அன்னைக்குத் தெரியாம பட்டிருந்தா? விளிம்புல ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலே அது பிடிச்சுக்கும் ஆச்சி. அப்ப ரெண்டாவது வாய் நீங்க."

"ஐம்பது வருஷமாப் படாதது அன்னைக்குப் பட்டுச்சா?"

"படலைன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பின் விளிம்பு எங்கே இருந்தது என்று யாரால் சத்தியம் செய்ய முடியும்? கண் எதிரே தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அது இந்தக் குழந்தையின் உயிராக இருக்கலாம், எமனாகவும் இருக்கலாம். ஜெமி தாயின் தோளைச் சப்பிக்கொண்டிருந்தாள், வியர்வையின் ஈரத்துக்காக.

"ஒரு வழி இருக்கு" என்றாள் உமையாள். "நான் ஒரு வாய் குடிக்கிறேன். எனக்கு முடியாமப் போனா ரெண்டாவது வாய் என்னுது இல்ல, இவளோடதுதான். நீ தைரியமாக் குடுக்கலாம்."

"ஆச்சி, வேணாம்."

"நீதான உறைக்காரி? நிச்சயமாத் தெரியாம உம் மகளுக்கு இதைக் குடுப்பியா?"

பியூலா மகளின் வெடித்த உதட்டைத் தடவினாள். பிறகு, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா?" என்று கேட்டாள்.

உமையாள் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். விஷத்தைக் குடிப்பதற்கும் ஆசாரம் பார்த்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஒரே ஒரு வாய். கிராம்பு நாக்கில் பரவி, தொண்டையில் இறங்கியது. அவரோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அவர் வாயின் ருசி அவளுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அவளையறியாமல் அழுதுவிட்டாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வலிக்காகக் காத்திருந்தாள்.

அந்த நேரம் அவளுக்குள் நடந்ததை நான் மறைக்கப்போவதில்லை. வலி வர வேண்டும், குழந்தை பிழைக்க வேண்டும் என்று மீனாட்சியை வேண்டினாள். அது உண்மை. அதே மனதின் ஒரு மூலையில், வரக்கூடாது, என்னைத் தெரியும் என்று இந்தத் தண்ணீர் சொல்ல வேண்டும் என்றும் ஒரு குரல் கெஞ்சியது. அதுவும் உண்மை. எதிரே ஒரு குழந்தை வறண்டு கிடக்கும்போது இப்படியும் ஒரு நினைப்பா என்று தன்னையே அருவருத்துக்கொண்டாள். ஆனாலும் குரல் நிற்கவில்லை. சமையலறையில் தொட்டி ஒருமுறை கொப்பளித்து ஓய்ந்தது. இந்தத் தடவை அவள் "ம்" கொட்டவில்லை.

பியூலா அவள் முகத்தையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். பாவம், அவளுக்கு வேறு வழியில்லை. ஒரு நல்ல மனுஷியின் வயிறு வலிக்க வேண்டுமே என்று அவளும் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது உமையாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் கவிழ்ந்தாள். உள்ளே யாரோ அரிவாள்மணையை வைத்துத் திருகியதுபோல இருந்தது.

"வந்திருச்சுடி! குடு, புள்ளைக்குக் குடு!" என்று கத்தினாள். கத்தியதில் சந்தோஷமும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது.

பியூலா ஒரு ஸ்பூன் கொடுத்தாள். காத்திருந்தாள். இன்னொரு ஸ்பூன். ஜெமி டம்ளரைப் பிடுங்கி வாய் வைத்து மடக் மடக்கென்று குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. குடித்துவிட்டு ஏப்பம் விட்டு, "தாத்தா வாசம் அடிக்குது" என்றாள்.

குளியலறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த உமையாள் அதைக் கேட்டாள். கல்யாண நாளிலிருந்து கூட இருந்தவளைத் தெரியவில்லை, மடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த குழந்தையைத் தெரிகிறது. குழந்தை பிழைத்ததில் அவளுக்கு அத்தனை நிம்மதி. அதே அளவுக்குச் சாத்தப்பன்மேல் கோபம் வந்தது. செத்த மனிதர்மேல் கோபப்பட்டுச் சண்டை போடவும் முடியாது. சுவரைப் பார்த்து, "நல்லா இருங்க" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வெளியே போய்விட்டது. தரையில் பாயில் கிடந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நிறைந்த தொட்டி, அதைக் குடிக்க முடியாத இரண்டு பெண்கள். பியூலா, குடித்துப் பிழைக்க வேறு ஏதாவது கிடைக்குமா என்று மாடி மாடியாக ஏறிக் கேட்கப் போனாள்.

ஜெமி டம்ளரோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். "ஆச்சி, நான் பாதி குடிச்சிட்டேன். மீதி உனக்கு."

வேண்டாம் என்று சொல்லத்தான் உமையாள் நினைத்தாள். நாக்கு எழும்பவில்லை. குழந்தை டம்ளரை அவள் கையில் வைத்தது. இதைக் குடித்தால் சாவு, குடிக்காவிட்டாலும் சாவுதான் என்ற நிலையில் தாகம்தான் முடிவெடுக்கிறது. டம்ளரைத் தூக்கி ஊற்றிக்கொள்ளக் கையில் தெம்பு இல்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக விளிம்பில் உதட்டை வைத்தாள். குழந்தையின் வாய் பட்ட அதே இடத்தில் வைத்து உறிஞ்சினாள்.

வெறுங்கையோடு திரும்பி வந்த பியூலா வாசலிலேயே வீறிட்டாள். "ஆச்சி! என்ன பண்ணிட்டீங்க!"

"போகட்டும்டி" என்றாள் உமையாள்.

ஆனால் அவள் போகவில்லை. வலி கூடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஜெமி குடித்து மிச்சம் வைத்த இன்னொரு டம்ளரும் உள்ளே போன பிறகு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பியூலா அவளை உற்று உற்றுப் பார்த்தாள்.

"புள்ள எச்சில் பட்டதும் அது அடங்கிடுது ஆச்சி. தெரிஞ்ச வாய் கூடவே இருந்தா தெரியாத வாயை ஒண்ணும் பண்ணலை. எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரலையே."

"சொல்லித் தந்தா யாரு தொட்டி வாங்குவா? போ, நீயும் குடி."

பியூலா குடித்தாள். மகளின் எச்சில் தாய்க்கு என்ன புதிதா? குடித்துவிட்டு அழுதாள். பிறகு, மாடிகளில் தான் பார்த்துவிட்டு வந்த முகங்களைப் பற்றிச் சொன்னாள். வாடகைக்கு இருப்பவர்கள், விருந்துக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள், தொட்டி வைத்த பிறகு கல்யாணமாகி வந்த மருமகள், அதற்குப் பிறகு பிறந்த குழந்தை. வீட்டு ஆட்கள் குடித்துக்கொண்டிருக்க, அதே வீட்டுக்குள் இவர்கள் வறண்டு கிடந்தார்கள். தெரிந்த எச்சில் போதும் என்ற சங்கதி அங்கெல்லாம் யாருக்கும் தெரியாது. பியூலா மறுபடியும் மாடியேறிப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். சொந்தத் தொட்டியில் பரீட்சை பார்க்க யாருக்கும் துணிவில்லை. கூடவே இறங்கி வந்து எட்டிப் பார்த்தவர்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பினார்கள். ஆச்சி வீட்டுத் தண்ணீரைப் பியூலாவின் மகள் வாய் வைத்துக் கொடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் வாசலில் வரிசை நின்றது.

ஜெமியை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு வாய் உறிஞ்சி, கொஞ்சம் டம்ளருக்குள்ளேயே விட்டு, நீட்ட வேண்டும். முதலில் அவளுக்கு அது விளையாட்டு. "அடுத்து வா, அடுத்து வா" என்று அதிகாரம் செய்தாள். பெரிய மனிதர்கள் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினார்கள். வெயில் ஏற ஏற வரிசை படியிறங்கித் தெருவுக்குப் போனது. குழந்தையின் உதடு வீங்கியது, வயிறு உப்பியது. "போதும்மா" என்றாள். "இன்னும் கொஞ்சம்தான்டா" என்றாள் பியூலா. அப்படிச் சொன்ன தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

அடுத்த டம்ளர் வாயில் இருக்கும்போதே ஜெமி தூங்கிப்போனாள். தண்ணீர் அவள் சட்டையில் வழிந்தது. பியூலா அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

யாரும் சத்தம் போடவில்லை. யாரும் கலைந்து போகவும் இல்லை. அத்தனை பேரும் தூங்குகிற குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலிப் பாத்திரங்கள் லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வரிசையின் தலையில் நின்றவர் மேல்மாடிக்கு மகளைப் பார்க்க வந்து மாட்டிக்கொண்டவர், அமலதாஸ் என்று பெயர். மகளின் கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். அது அழுவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஒரு வாய்தானம்மா" என்றார் மெதுவாக. "கொஞ்சம் எழுப்பிப் பாருங்களேன். வாயை மட்டும் வச்சாப் போதும்."

பியூலா மகளை இறுக்கிக்கொண்டு உமையாளைப் பார்த்தாள். நேற்று அவள் முகத்தில் இருந்த பயம் தாகத்தைப் பற்றியது. இன்றைக்கு இருந்த பயம் மனிதர்களைப் பற்றியது.

"பியூலா, இவ எச்சிலை நான் எத்தனை டம்ளர் குடிச்சிருக்கேன்? இப்ப என் வாயில அந்த உறை ஒட்டி, என் வாயும் அதுக்குத் தெரிஞ்ச வாயாயிருக்குமா?"

"இருக்கலாம் ஆச்சி. தெரியாது. இன்னொரு தடவை நேத்து மாதிரி வந்தா உங்க உடம்பு தாங்காது."

உமையாள் எழுந்து தொட்டியில் தண்ணீர் பிடித்தாள். யார் வாயும் படாத தண்ணீர். அண்ணாந்து ஊற்றவில்லை. விளிம்பில் உதடு வைத்துக் குடித்தாள். நேற்று வலி வரவேண்டும் என்று வேண்டினாள், இன்று வரக்கூடாது என்று வேண்டினாள். ஜெமிக்காக, தோளில் தொங்கும் அந்தக் குழந்தைக்காக என்றெல்லாம் சொல்லிக்கொண்டாள். அதோடு, 'எனக்காகவும்தான். என்னைத் தெரியும்னு ஒரு தடவை சொல்லுங்க' என்று அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். வரிசை முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெயில் படிக்கட்டில் மெல்ல நகர்ந்தது. அமலதாஸ் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

வலி வரவில்லை.

உமையாள் முக்காலியில் உட்கார்ந்தாள். டம்ளரில் வாய் வைத்து உறிஞ்சி, கொஞ்சம் உள்ளே விட்டு, அமலதாஸிடம் நீட்டினாள். அவர் தன் விரலை நனைத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தார். அது விரலைப் பிடித்துச் சப்பியது.

"புள்ளையத் தூக்கிட்டு உள்ள போடி" என்றாள் உமையாள், பியூலாவைத் திரும்பிப் பார்க்காமல். "கதவைச் சாத்திக்க. யாரு கூப்பிட்டாலும் அவளை எழுப்பாத."

அவள் கொடுக்கக் கொடுக்க வரிசை நகர்ந்தது, தொட்டியில் தண்ணீர் இறங்கியது. புதுத் தண்ணீர் ஊற்ற ஊரில் தண்ணீர் இல்லை. அடி தெரியும் நேரத்தில் சாத்தப்பன் முழுவதும் தீர்ந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும். இப்போதுதான் அவர் அவளைத் தெரியும் என்றார், இப்போதே ஊருக்குப் பங்கு வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்து நின்ற பெண் பாத்திரத்தை நீட்டினாள். உமையாள் டம்ளரை நிரப்பி, உதட்டை வைத்தாள்.